அண்ணன் கேட்ட பாரம்

வாழ்க்கைத் தரத்தை அளக்க வேண்டும் என்றார்கள். நான் முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கிறவள். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச்சுற்று என்று டேப்பைப் பிடித்துப் பிடித்தே விரல் காய்த்துப் போனவள். அளவு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“எங்கேர்ந்து எதுவரைக்கும் அளக்கணும்மா?” என்று கேட்டேன்.

அடையாற்றில் நாங்கள் போகிற மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில், நோயாளிகளின் வீட்டு நிலவரத்தை விசாரித்து எழுதிக்கொள்வதற்கென்று ஒரு பெண் இருக்கிறாள். இருபத்தைந்து வயது இருக்கும். என் கேள்வி அவளுக்குப் புரியவில்லை. “கட்டத்துல டிக் அடிச்சாப் போதும் ஆன்ட்டி” என்றாள். இரண்டு தாள்களைக் கொடுத்தாள். வெள்ளைத்தாள் நோயாளிக்கு. மஞ்சள்தாள் அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு. ஒவ்வொன்றிலும் கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சில சமயம், அடிக்கடி, எப்போதும்.

டாக்டர் பக்கத்து மேசையிலிருந்து சொன்னார். “பத்து நாள்ல ரெண்டையும் ஃபில் பண்ணிக் கொண்டாங்கம்மா. அதைப் பார்த்துட்டுத்தான் காப்பகத்துக்கு லெட்டர் தர்றதப் பத்தி முடிவு பண்ணுவேன்.”

அண்ணன் எனக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். விழாமலிருக்க இடுப்பில் பட்டை. அவர் காதில் இது விழுந்தது. அதை நான் கவனித்தேன், கவனிக்காததுபோல் பையை எடுத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு ஹண்டிங்டன் நோய். வந்து பதினோரு வருடம் ஆகிறது. கை, கால், தோள் எல்லாம் தன் பாட்டுக்கு ஆடும். ஒரு இடத்தில் வைத்த கை அங்கே இருக்காது. கழுத்து யாரோ கூப்பிட்ட மாதிரி வெடுக்கென்று திரும்பும். நாக்கு சொன்னபடி கேட்காது, அதனால் பேச்சு குழறும். சாப்பிட்டது புரையேறும், அதனால் எல்லாவற்றையும் கூழாகக் கரைத்துத்தான் ஊட்ட வேண்டும். கேட்டதற்குப் பதில் வர நேரமாகும். பதில் வராது என்று முடிவு கட்டி நாம் எழுந்து போகும்போது வரும்.

எங்கள் அப்பாவுக்கும் இதுதான். அந்தக் காலத்தில் எங்களுக்குப் பெயர் தெரியாது. நரம்புத் தளர்ச்சி என்று ஒரு வைத்தியரும் குடி என்று தெருவும் சொன்னார்கள். அப்பா காபிக்கு மேல் எதையும் குடித்தவர் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், அப்பா கூடத்தைக் கடந்து வந்த நடையைப் பார்த்துவிட்டுக் கேசரியைத் தட்டோடு வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்கப்புறம் வந்த இரண்டு வீட்டாரும் அப்படித்தான். அண்ணன் தனக்குப் பெண் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆக, மந்தைவெளியில் தரைத்தளத்தில் ஒரு வீடு, ஒரு தையல் மிஷின், நாங்கள் இரண்டு பேர்.

பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். நான் கொடுக்கவில்லை. எனக்கு ஐம்பத்தொரு வயது, இனிமேலும் வரலாமாம். தினம் காலையில் மிஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறேன். முதல் தடவையிலேயே நூல் நுழைந்துவிட்டால் இன்றைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். என் பரிசோதனை அவ்வளவுதான்.

காப்பகம் செங்கல்பட்டுப் பக்கத்தில் இருக்கிறது. இந்தத் தாள்களை வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பு நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமாக இருந்தது. வரிசையாகக் கட்டில்கள், ஜன்னல் ஓரம் வேப்பமரம், மூன்று வேளையும் ஊட்டிவிட ஆட்கள். அண்ணனுக்கு எந்தக் கட்டில் கிடைக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது வேறு. இவர் இங்கே வந்துவிட்டால் வீட்டில் நான் மத்தியானம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுப்பேன், யாரும் விழுகிற சத்தம் கேட்காது. பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. பாசம் இல்லாமல் போகவில்லை. அலுப்பும் பாசமும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன, ஒன்று வந்தால் மற்றது எழுந்து இடம் கொடுப்பதில்லை.

தாள்களை வாங்கி வந்த மூன்றாம் நாள் மத்தியானம், தைக்க வேண்டிய துணிகளை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். அண்ணன் எதிரே ஜன்னல் ஓரம் தன் நாற்காலியில் இருந்தார். அந்த நாற்காலியின் கால்களைச் சுவரோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் அவர் ஆடுகிற ஆட்டத்தில் அது கூடம் முழுக்க நகரும்.

முதலில் வெள்ளைத்தாள், அதாவது அண்ணனுடையது. கேள்விகளை யாரோ இங்கிலீஷிலிருந்து உலுக்கித் தமிழில் கொட்டியிருந்தார்கள். ‘உங்கள் கட்டுப்பாடற்ற அசைவுகளின் பொருட்டுப் பொது இடங்களில் கூச்சம் உணர்கிறீர்களா?’ இதை நான் முணுமுணுவென்று வாய்விட்டுப் படித்தேன். கடைத்தெருவில் இவரைக் கூட்டிப்போனால் எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள். எப்போதும் என்று டிக் அடித்தேன். ‘உங்கள் நாட்களில் மகிழ்வளிக்கும் தருணங்கள் அமைகின்றனவா?’ இதென்ன கேள்வி. ஒருபோதும் இல்லை. ‘பிறருக்குப் பாரமாக இருப்பதாக உணர்கிறீர்களா?’ எப்போதும். மடமடவென்று போட்டுக்கொண்டே போனேன். பத்து நிமிடத்தில் அண்ணனின் வாழ்க்கையை அளந்து முடித்துவிட்டேன். எல்லா டிக்கும் மோசமான பக்கத்துக் கட்டத்திலேயே விழுந்திருந்தது. அந்தத் தாளைப் பார்க்கிற எந்த டாக்டரும் காப்பகத்துக்கு உடனே கடிதம் கொடுத்துவிடுவார் என்று தோன்றியது. தோன்றியது என்ன, அதற்காகத்தான் அப்படிப் போட்டேன்.

அப்புறம் மஞ்சள்தாள், என்னுடையது. தூக்கம், சாப்பாடு, வேலை என்று எல்லாவற்றுக்கும் எழுதினேன். கடைசிக்கு முந்தின கேள்வியில் நின்றுவிட்டேன். ‘இவரைப் பராமரிப்பது உங்களுக்குப் பாரமாக இருக்கிறதா?’ பேனாவைக் கட்டத்துக்கு மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே அவர் இருந்தார். அவரைப் பார்க்கவைத்துக்கொண்டு எப்படி எழுதுவது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை மட்டும் விட்டுவிட்டு, இரண்டையும் மடித்துப் பைலில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

அன்று சாயங்காலமே அண்ணன் ஆரம்பித்தார். காபியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தபோது வாயைத் துடைத்துவிட்டேன். “பாப்பா” என்றார். என்னை அவர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார், அந்த ஒரு சொல் மட்டும் குழறாமல் வருகிறது. நான் நிமிர்ந்தேன். அடுத்த சொல்லுக்கு முகம் முழுவதும் கோணிக்கொண்டது. ஒருவழியாக வந்தது. “பாரம்.”

மத்தியானம் நான் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருக்கிறது.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. யாரு சொன்னா பாரம்னு? வாயத் திற” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அது நோயின் ஆட்டமா, இல்லை என்கிற ஆட்டமா என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் கூட இருந்தும் பல சமயம் தெரிவதில்லை.

மறுநாள் காலை குளிப்பாட்டும்போது “பாரம்” என்றார். மத்தியானம் ஒரு தடவை. அதற்கடுத்த நாள் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் நான் ஒரே பதிலைச் சொன்னேன். நீ பாரம் இல்லண்ணா, எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா. முதல் நாள் அதை மனதாரச் சொன்னேன். இரண்டாம் நாள் வழக்கமாகச் சொன்னேன். மூன்றாம் நாள் மிஷினை மிதித்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். ஆறுதல் சொல்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும். எனக்குள்ளேயும் ஒரு எரிச்சல் கிளம்பிவிட்டது: நானே காப்பகத்துக்கு வழி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இவர் என்னிடமே வந்து நான் பாரமா, நான் பாரமா என்று கேட்டுச் சித்திரவதை செய்கிறாரே என்று.

நாலாம் நாள் காலையில் அது நடந்தது. தி.நகரில் வாங்கிய பட்டுப்புடவை ஒன்றுக்கு ஃபால்ஸ் வைத்து முடித்துக் கட்டிலின் மேல் விரித்திருந்தேன். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம், அன்று சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ராகிக் கூழை ஊட்டிக்கொண்டிருந்தபோது அண்ணனின் இடது கை விசுக்கென்று வீசியது. கிண்ணம் என் கையிலிருந்து பறந்துபோய் முந்தானையின் மேல் கவிழ்ந்தது.

புடவையை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார்ந்து, ஜரிகையில் தண்ணீர் படாமல் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். முக்கால் மணி நேரம். கறை போனது, போன இடம் தெரிந்தது. திரும்பி உள்ளே வந்தேன். அண்ணன் கழுத்து, சட்டை, தொடை எல்லாம் கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் “பாப்பா” என்றார். “பாரம்.”

“ஆமாண்ணா” என்றேன். “பாரம்தான். எப்பவும் பாரம்தான். என்னால முடியல. போதுமா?”

கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடக் கோபத்தில் சொன்னது என்று பின்னால் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சாதாரணக் குரலில், இன்றைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிறமாதிரி சொன்னேன்.

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஒருமுறை மேலும் கீழும் அசைத்தார். இது நோயின் ஆட்டம் இல்லை, எனக்குத் தெரியும். சரி, தெரிந்துகொண்டேன் என்பதுபோல ஒரு அசைப்பு. நான் சமையலறைக்குப் போய் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து வெந்நீர் வைத்து எடுத்து வந்து அவரைத் துடைத்துவிட்டேன். அன்று முழுவதும் அவர் வாயைத் திறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாகவும் இருந்தது.

அண்ணன் வேலை பார்த்ததைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். அட்மிஷன் நேரத்தில் கடற்கரைக் குப்பங்களிலிருந்து தாய் தகப்பன்மார் வருவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அண்ணன்தான் விண்ணப்பத்தை எழுதிக்கொடுப்பார். அதில் அவருக்கென்று சட்டங்கள் உண்டு. கேள்வியை வாய்விட்டுப் படிப்பார். பதில் அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும். ‘நீங்களே ஏதாவது போட்டுக்குங்க சார்’ என்றால் பேனாவை மூடி வைத்துவிடுவார். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடமாட்டார். அழிக்கிற வெள்ளை மையைத் தொடமாட்டார். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, அதற்குப் பக்கத்தில் சம்பந்தப்பட்டவரிடம் கையெழுத்து வாங்குவார். அடித்தல் திருத்தல் என்றால் ஆள் பொறுப்பேற்க வேண்டும் என்பார். வீட்டில் இதையெல்லாம் சொல்லும்போது நான் கொட்டாவி விடுவேன். பிறகு கையெழுத்து கிறுக்கலாகி, நடை தள்ளாடி, கிளார்க் குடித்துவிட்டு வருகிறார் என்று பெற்றோர்களே புகார் கொடுத்து, அவர் வீட்டோடு வந்துவிட்டார்.

நான் அண்ணனிடம் அப்படிச் சொன்னதற்கு மறுநாள், மீன் விற்கிற அம்மா ஒருத்தி ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தாள். குப்பத்துக்காரி. அவள் பெண்ணை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அண்ணன்தான் எழுதிக்கொடுத்தார். அந்த நன்றிக்காக மந்தைவெளியில் இத்தனை தையல்காரர்கள் இருக்க என்னிடமே வருகிறவள். அளவு ஜாக்கெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, எப்போதும்போல ஜன்னல் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

“இன்னா சார், சொம்மா கீறியா?” என்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். முகம் கோணியது. தோள் இரண்டு தடவை தூக்கிப் போட்டது. “பாரம்” என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெளியாள் முன்னால் வேறு சொல்கிறாரே, நான் நேற்றுச் சொன்னதைத்தான் இவளிடம் முறையிடுகிறாரோ என்று நினைத்தேன். அவளோ என் பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

“இன்னாக்கா பாத்துக்கினு நிக்கிற? சாரு பாரம் கேக்குறாரு பாரு. எட்த்துக் குடேன்.”

“என்ன பாரம்?”

“அதான்க்கா, பாரம். ஆபீஸ்ல ஃபில்லப் பண்ற பாரம். என் பொண்ண ஸ்கூல்ல சேக்கசொல்லோ, பாரம் எட்த்துனு வா, பாரம் எட்த்துனு வான்னு சாரு என்ன நாலு தபா தொரத்தி உட்டாரு. எனக்குத் தெரியாதா சாரு கொரலு?”

சுமையைச் சொல்கிற பாரத்துக்கும் விண்ணப்பத் தாளைச் சொல்கிற பாரத்துக்கும் உச்சரிப்பில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. எழுத்தில் அதுவும் கிடையாது. அண்ணனின் நாக்கில் அந்தக் கொஞ்ச வித்தியாசமும் எப்போதோ போய்விட்டது. அவர் வாழ்நாளெல்லாம் பாரம் என்றால் தாளைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு அது கேட்டது. எனக்குச் சுமை மட்டும் கேட்டது, ஏனென்றால் அது என் மனதில் தயாராக இருந்தது.

அலமாரியைத் திறந்து பைலை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அண்ணன் பெருமூச்சு விட்டார். “பாத்தியா” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளைத்தாளை அவர் முன்னால் பிடித்தேன். நான் போட்ட டிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அவர் யாரிடமும் செய்யாததை நான் அவரிடம் செய்திருக்கிறேன். அவர் வாயிலிருந்து ஒரு பதில்கூட வாங்காமல் முழுத்தாளையும் எழுதி முடித்திருக்கிறேன். கடைசியில் தாளை என் பக்கம் தள்ளினார். கை காற்றில் ஒரு கோடு போட்டது. பிறகு இன்னொரு கோடு. எனக்குப் புரிந்துவிட்டது. ஒரே கோடாக அடித்து எழுது, பக்கத்தில் கையெழுத்துப் போடு.

மூன்று காலைகள் ஆயின. காலையில் மாத்திரை போட்ட பிறகு ஒரு மணி நேரம் ஆட்டம் கொஞ்சம் அடங்கும், அப்போது மட்டும்தான் எழுத முடிந்தது. நான் கேள்வியைப் படிப்பேன். ஐந்து கட்டங்களையும் வரிசையாகச் சொல்வேன். அவர் எந்தக் கட்டத்துக்குக் கண்ணை மூடித் திறக்கிறாரோ அது பதில். ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம்கூட ஆனது. நான் இதற்குமுன் அவ்வளவு நேரம் அவர் பதிலுக்காகக் காத்திருந்ததில்லை.

பொது இடத்தில் கூச்சம் உணர்கிறீர்களா? ஒருபோதும் இல்லை.

“பொய் சொல்லாதண்ணா” என்றேன். “எல்லாரும் நின்னு பாக்குறாங்க.”

அவர் கை மெல்ல எழுந்து, இரண்டு தடவை தவறிப்போய், என் தோளில் வந்து இடித்தது. கூச்சப்படுவது நீ என்கிறார். அடித்துத் திருத்தினேன்.

மகிழ்வளிக்கும் தருணங்கள்? அடிக்கடி.

என்ன தருணம் என்று கேட்டேன், அது தாளில் இல்லாத கேள்வி. ஜன்னலைப் பார்த்தார். எங்கள் தெருவின் முனையை மெட்ரோ வேலைக்காகத் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அது தெரியாமல் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் வேகமாக வரும். தகரத்தைப் பார்த்ததும் நின்று, திட்டிக்கொண்டே, எங்கள் ஜன்னலுக்கு நேராக வண்டியைத் திருப்பும். நான் கேட்டுக்கொண்டிருந்தபோதே ஒரு ஆட்டோக்காரர் வந்து மாட்டினார். “இன்னாடா இது, நேத்துகூட வழி இருந்துச்சே” என்று தகரத்திடம் கேட்டார். அண்ணனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. புரையேறுகிறது என்று நான் பலமுறை ஓடிவந்து முதுகைத் தட்டிய அதே சத்தம். அது சிரிப்பு. ஒரு வருடமாக இந்த மனிதர் ஜன்னலோரம் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் தினமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்படியே ஒவ்வொன்றாக என் டிக்குகள் அடிபட்டன. எல்லாமே நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லிவிடவில்லை. விழுந்துவிடும் பயம் எப்போதும். பேசுவது மற்றவர்களுக்குப் புரியாத வருத்தம் எப்போதும். அந்த இரண்டையும் நான் சரியாகத்தான் போட்டிருந்தேன். மீதியெல்லாம் வேறு. என் அளவு ஜாக்கெட்டை வைத்து அவருக்குச் சட்டை தைத்திருக்கிறேன். இந்த நோய் எனக்கு வந்தால் நான் எப்படி இருப்பேன் என்று பயந்தேனோ, அதை அவர் தாளில் எழுதியிருக்கிறேன்.

பிறருக்குப் பாரமாக உணர்கிறீர்களா என்ற கேள்விக்கு அவர் சில சமயம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு திருத்திக் கையெழுத்துக்கு அவர் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தேன்.

மூன்றாவது காலை வெள்ளைத்தாள் முடிந்தது. மடித்து வைக்கப் போனேன். “பாப்பா” என்றார். பைலைப் பார்த்தார். மஞ்சள்தாளை எடுத்தேன். அவர் விரல் தாளின் மேல் தத்தித் தத்தி அலைந்து, ஒரு இடத்தில் குத்தி நின்றது. நான் காலியாக விட்ட இடம். அன்று மத்தியானம் நான் எழுதியதையெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்.

“இதுக்கா கேட்ட?” என்றேன்.

கண்ணை மூடித் திறந்தார். அவருடைய தாளுக்கும் கேட்டிருக்கிறார், இதற்கும் கேட்டிருக்கிறார்.

“ஒருபோதும் இல்லைன்னு போட்டுக்கறேன்” என்று பேனாவை எடுத்தேன். அவர் கை வந்து தாளை மூடிக்கொண்டது. அந்தக் கை ஒரு இடத்தில் நிற்காது என்று சொன்னேன் இல்லையா, அன்று நின்றது. பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொன்ன தாய் தகப்பனிடம் இப்படித்தான் பேனாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருப்பாராக இருக்கும்.

“வேற என்னண்ணா எழுதச் சொல்ற?”

வெகுநேரம் கழித்து வந்தது. “சொன்ன.”

நீ சொன்னாயே என்கிறார். அந்தப் புடவை நாள். அவர் தலையசைத்தது ஏனென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் என் வாயிலிருந்து வந்துவிட்டது, அதைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். இந்தத் தாள்களை வைத்துத்தான் டாக்டர் காப்பகத்துக்கு அனுப்புவதை முடிவு செய்வார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பேனாவுக்குக் கையை நீட்டினார். விரல்களைச் சுற்றிப் பிடித்து அவர் கையில் பேனாவை வைத்தேன். கட்டத்தை நோக்கி இறங்கிய கை கடைசி நொடியில் துள்ளியது. அந்த டிக், அடிக்கடி என்ற கட்டத்தில் ஆரம்பித்து, எப்போதும் என்ற கட்டத்தைக் கிழித்துக்கொண்டு, தாளின் ஓரத்துக்கு வெளியே போய் முடிந்தது.

அதற்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். என் பதில்தானே.

பத்தாம் நாள் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். “இது எந்தக் கட்டம் ஆன்ட்டி?” என்று அந்தப் பெண் கேட்டாள். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் என்றேன். டாக்டர் வெள்ளைத்தாளையும் மஞ்சள்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இதுல ரொம்ப மோசமா இருக்கறது அவர் இல்லம்மா, நீங்க” என்றார். காலையில் இரண்டு மணி நேரம் வந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னார். காப்பகத்துக்கும் கடிதம் கொடுத்தார். முடிவு உங்கள் இரண்டு பேர் கையில் என்று சொல்லி, அங்கே சேர்வதற்கான விண்ணப்பத்தையும் அண்ணன் கண் எதிரிலேயே என்னிடம் நீட்டினார்.

இப்போது காலையில் ஒரு அம்மா வருகிறாள், அண்ணனைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். மத்தியானம் படுக்க இன்னும் முடியவில்லை. அலுப்பு குறைந்தது என்று சொன்னால் அண்ணன் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள மாட்டார். அந்த விண்ணப்பம் அலமாரியில், லைனிங் துணிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. அதில் எத்தனை கட்டங்கள் என்றுகூட நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நான் மிகவும் தளர்ந்து உட்கார்ந்திருக்கிற நாட்களில் அண்ணன் கூப்பிடுகிறார்.

“பாப்பா. பாரம்.”

எதைக் கேட்கிறார் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வா, எழுதி முடித்துவிடலாம் என்கிறார். நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, நிமிராமல், பழைய பதிலைச் சொல்கிறேன்.

“நீ பாரம் இல்லண்ணா.”

ஜன்னலோரத்திலிருந்து புரையேறுகிற மாதிரி அந்தச் சத்தம் வருகிறது. நான் எழுந்து ஓடுவதில்லை.